பெயிண்டை விடுங்கள், நெக்கைப் பாருங்கள்: இறக்குமதி எலக்ட்ரிக் கிட்டார் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும். இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலை, கதவு, தூண், எனாமல் தூக்கு, பீங்கான் சாடி எல்லாம் கடை வாசலிலேயே குவிந்து கிடக்கும். அங்கே பழைய கதவுகளைச் செப்பனிடுகிற ஆசாரி ஒருவரிடம் என் முதல் எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். தோள்வார் மாட்டுகிற கொக்கி கழன்று ஓட்டை பெரிதாகிவிட்டது, மரத்தூளும் கோந்தும் வைத்து அடைத்துத் தருவாரா என்று கேட்கத்தான் போனேன். அவர் கொக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டாரின் தலைப் பக்கத்தை மூக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, கம்பி ஓடுகிற வழியே பார்த்தார்.

"எவ்வளவுக்கு வாங்குனீங்க தம்பி?"

"பதினாலாயிரம்ண்ணே."

"முறுக்கிக்கிட்டு நிக்குதே. நிலைச் சட்டமா இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்."

எட்டு மாதமாக என் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க் கடை ஒன்றில் புலிவரி போட்ட மேப்பிள் மரத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது அது. அந்த வரிகூட மரத்தில் இல்லை, மேலே ஒட்டிய தாளில் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. கம்பி தடதடக்கிறது என்று கடைக்குப் போன் செய்தபோது, "செட்டப் பண்ணா சரியாயிடும் சார்" என்றார்கள். செட்டப் என்பது கம்பி உயரத்தையும் சுருதியையும் திருத்துகிற வேலை; முறுக்கிய நெக், அதாவது கம்பி ஓடுகிற நீளக் கட்டை, அதில் சரியாகாது. கிட்டாரே தெரியாத ஒருவர் அரை நிமிடத்தில் பார்த்துச் சொன்னதை நான் கடையிலேயே பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்கும், அழகப்பா கல்லூரி வட்டாரத்துப் பையன்களுக்கும் நிறையக் கிட்டார் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்பதற்கு எனக்கு ஒரே ஒரு கணக்குதான் உண்டு. எது பிறகு மாற்ற முடியாதது? அதை முதலில் பார். எது ஸ்க்ரூடிரைவரால் மாற்றக்கூடியது? அதைக் கடைசியில் பார். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

கிளம்புவதற்கு முன்: இந்தக் கிட்டார்கள் எப்படி உருவாகின்றன

நம் பட்ஜெட்டில் கிடைக்கிற எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்தவை. தலையில் ஒட்டிய பெயரும் செய்த தொழிற்சாலையும் வேறு வேறாக இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். கொரியாவின் கோர்ட் நிறுவனத்துக்கு இந்தோனேசியாவில் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. சொந்தப் பெயரில் செய்வதோடு மற்ற பிராண்டுகளுக்கும் செய்து தருகிறது. ஸ்குவயர் கிட்டாரின் சீரியல் நம்பர் 'ஐசிஎஸ்' என்று தொடங்கினால் அது அங்கே செய்தது, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஸ்குவயர் என்பது ஃபெண்டரின் மலிவு வரிசை, எபிஃபோன் கிப்சனுடையது. ஃபெண்டரின் அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) 1954-இலும் கிப்சனின் லெஸ் பால் 1952-இலும் வந்தன. இன்று கடையில் தொங்கும் கிட்டார்களில் முக்கால்வாசி இந்த இரண்டின் பிள்ளை பேரப்பிள்ளைகள்தான்.

உடம்பை வெட்டுவதும் நெக்கைச் செதுக்குவதும் கணினி சொல்கிறபடி இயந்திரம் செய்கிற வேலை. அதில் ஆயிரம் கிட்டாரும் ஒரே அச்சு. நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியின் முனையை அரம் போட்டு மழுக்குவது, தலைக்குக் கீழே கம்பிகளைத் தாங்குகிற நட்டில் கம்பிக்குப் பள்ளம் அறுப்பது, கடைசியில் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது, இதெல்லாம் கைவேலை. விலை குறையும்போது முதலில் வெட்டு விழுவது இந்தக் கைவேலை நேரத்தில்தான். அதனால் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே பெட்டியில் வந்த இரண்டு கிட்டாரில் ஒன்று தேனாகவும் ஒன்று வேம்பாகவும் இருக்கும். இணையத்தில் மாடலைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது மாடலை இல்லை, கையில் இருக்கிற அந்த ஒரு கிட்டாரை.

காரைக்குடியில் பார்த்து வாங்கத் தெரிவு குறைவு. மதுரைக்கோ திருச்சிக்கோ போனால் இரண்டுமே ஏறக்குறைய 90 கி.மீ. ஒரு நாள் போய்விடும், ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். சட்டைப் பையில் இவ்வளவு இருந்தால் போதும்: 6 இஞ்ச் இரும்பு ஸ்கேல், பழைய ஏடிஎம் கார்டு, போனில் ஒரு டியூனர் ஆப், கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துகிற கவ்வி), '10' எண் கம்பிச் செட்டின் மெல்லிய முதல் கம்பியில் வெட்டிய ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டின் கனம் ஏறக்குறைய 0.25 மி.மீ. காசு கொடுத்து, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வாங்க வேண்டியதில்லை.

படி 1: நெக்

கடைக்காரரிடம் முதலில் டியூன் செய்யச் சொல்லுங்கள். கம்பி தளர்ந்திருக்கும்போது நெக் பார்ப்பது, ஆள் ஏறாத கட்டிலைப் பார்த்து உறுதி என்று சொல்வது போல.

டியூன் ஆனதும் ஆசாரி பார்த்த மாதிரியே பாருங்கள். உடம்புப் பக்கமிருந்து நட்டை நோக்கியும், தலைப் பக்கமிருந்து, உடம்பில் கம்பி முடிகிற பிரிட்ஜை நோக்கியும் இருபுறமும். ஃப்ரெட்போர்டின் (ஃப்ரெட் பதித்த மேல்பலகை) இரு விளிம்பும் இரண்டு ரயில் தண்டவாளம் மாதிரி ஒன்றாக ஓட வேண்டும். ஒரு விளிம்பு லேசாகக் குழிந்து இன்னொன்று நேராக இருந்தால் அது முறுக்கு. கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். மேலே பேச எதுவும் இல்லை. விலை குறைத்தாலும் வேண்டாம். முறுக்கிய நெக்கை இழைத்துச் சரிசெய்கிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த விலைக் கிட்டாருக்கு அவர்கள் கூலி தாங்காது.

முறுக்கு வேறு, வளைவு வேறு. கம்பிகள் இழுப்பதால் நெக் லேசாக முன்பக்கம் வளையும், கொஞ்சம் வளையவும் வேண்டும். அந்த வளைவைக் கட்டுப்படுத்தத்தான் உள்ளே டிரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பி ஓடுகிறது. அளக்கும் வழி: முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள், நெக் உடம்பைத் தொடுகிற இடத்தில் ஆறாம் கம்பியை (மிகக் கனமானது) விரலால் அழுத்துங்கள். 7, 8-ஆம் ஃப்ரெட் அருகில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உங்கள் கம்பித் துண்டு தட்டாமல், தொளதொளக்காமல் நுழைய வேண்டும். இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தாலோ துண்டு நுழையவே இல்லை என்றாலோ உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். டிரஸ் ராட் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரை விட்டே ஆலன் கீயால் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். வலப்பக்கம் திருப்பினால் வளைவு குறைய வேண்டும். ராடின் திருகு ஏற்கெனவே முட்ட முறுக்கியிருந்தாலோ, திருப்பியும் ஒன்றும் மாறவில்லை என்றாலோ, அந்தக் கிட்டாரையும் விட்டுவிடுங்கள். "ராட்லாம் தொடக்கூடாது சார்" என்று கடையில் சொன்னால் அந்தக் கடையையே விட்டுவிடலாம்.

பிறகு நெக்கும் உடம்பும் சேரும் இடம். ஸ்ட்ராட் வகையில் நான்கு ஸ்க்ரூவால் முடுக்கியிருப்பார்கள். தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் நெக் அசையக் கூடாது. ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் அழகுக்குக் குறை, அவ்வளவுதான். ஆனால் முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் ஃப்ரெட்போர்டின் இரு ஓரத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பி ஓரத்திலிருந்து வழுக்கி விழுகிற மாதிரி போனால் நெக் கோணலாகப் பொருந்தியிருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி நிமிர்த்தலாம், சில சமயம் நிமிராது.

லெஸ் பால் வகையில் பெரும்பாலும் நெக் ஒட்டியிருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும். பெட்டி கீழே விழுந்தால் அடி விழும் இடம் நட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கழுத்து. பெயிண்டில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

படி 2: ஃப்ரெட்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வீணைதான் நல்ல உதாரணம். காரைக்குடி சாம்பசிவ ஐயர் வாசித்த ஊர் இது. வீணையின் 24 பித்தளை மெட்டுகளையும் மெழுகில் பதித்து மேளம் கட்டுவார்கள். சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். கிட்டாரில் அந்த வசதி கிடையாது. மரத்தில் அறுத்த பள்ளத்தில் ஃப்ரெட் கம்பியை அடித்து இறக்கிவிடுவார்கள், அதோடு முடிந்தது. உயரம் கூடினால் அரம் போட்டுக் குறைக்கலாம், இடம் மாற்ற முடியாது.

முதலில் கை. உள்ளங்கையை நெக்கின் கீழ் விளிம்பில் வைத்து மேலும் கீழும் ஓட்டுங்கள். ரம்பம் மாதிரி குத்தினால் ஃப்ரெட் முனை வெளியே நீட்டியிருக்கிறது. மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே வரும். இது அரமும் உப்புத்தாளும் வைத்து ஒரு சாயங்காலத்தில் சரிசெய்கிற வேலை. விலை பேசக் காரணமாகுமே தவிர, வேண்டாம் என்று சொல்லக் காரணமாகாது.

அடுத்தது ஏடிஎம் கார்டு. கம்பிகளுக்கு நடுவில் கார்டைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் விளிம்பு மூன்று ஃப்ரெட்டில் மட்டும் படும்படி வையுங்கள். கீழ்ப் பகுதியில் நீள விளிம்பு, 12-க்கு மேலே குட்டை விளிம்பு. ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. இப்படியே முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசிவரை. 22 ஃப்ரெட்டில் ஒன்றிரண்டு ஆடினால் பரவாயில்லை. ஆறேழு ஆடினால் எல்லா ஃப்ரெட்டையும் சமன் செய்ய வேண்டும். அது தெரிந்த கை செய்ய வேண்டிய வேலை, கூலி ஆகும்.

கார்டு சொல்வதைக் காது உறுதி செய்யட்டும். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு தட்டு தட்டுங்கள், ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல். மொத்தம் 132 இடம், ஐந்து நிமிடம். கடைப் பையன் முறைப்பான். முறைக்கட்டும். பித்தளைத் தவலை வாங்கப் போன நம்ம ஆச்சிகள் சுண்டிப் பார்த்து ஓசை கேட்காமல் எடுத்திருப்பார்களா? பிறகு முதல் இரண்டு கம்பியை 12-க்கு மேலே அழுத்தி மேல்நோக்கித் தள்ளி வளையுங்கள். ஓசை திடீரென்று செத்தால் பக்கத்து ஃப்ரெட் ஒன்று உயரம்.

படி 3: உயரமும் சுருதியும்

கம்பியின் உயரத்தை 12-ஆம் ஃப்ரெட்டில் அளப்பார்கள். ஆசாரிக் கணக்கில் இஞ்சுக்கு 8 நூல். முதல் கம்பிக்கு அரை நூல், அதாவது 1.6 மி.மீ., ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ. இருந்தால் வாசிக்கச் சுகம். கடையில் அதைவிட உயரமாக இருப்பது சாதாரணம், பிரிட்ஜில் ஸ்க்ரூவைத் திருப்பினால் இறங்கும். கவனிக்க வேண்டியது வேறு: ஸ்க்ரூ ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தும் கம்பி உயரமாக நிற்கிறதா? அப்படியென்றால் நெக் உட்கார்ந்த கோணமே தவறு. ஸ்க்ரூ போட்ட நெக்குக்குக் கீழே தகடு வைத்துச் சமாளிக்கலாம், ஒட்டிய நெக்குக்கு இந்த விலையில் வழி இல்லை.

நட்டைப் பார்க்க ஒரு சுலபமான வழி. 2-க்கும் 3-க்கும் நடுவில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இடைவெளி இருந்தால் சரி. பெரிய இடைவெளி என்றால் பள்ளம் போதவில்லை, முதலில் கற்கிற கார்டுகள் (பல கம்பியைச் சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டுகள்) எல்லாம் சுருதி ஏறி ஒலிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் விரல் வலித்து மூன்றாம் வாரம் கிட்டாரைப் பரணில் போடுவது பெரும்பாலும் இதனால்தான். இடைவெளியே இல்லை என்றால் திறந்த கம்பி தடதடக்கும். எதுவானாலும் நட்டு மாற்றக்கூடிய பொருள்.

சுருதிக்கு: 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். டியூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சின்னத் தாங்கியான சாடிலை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம், நகர இடம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடம் தீர்ந்தும் சுருதி சேரவில்லை என்றால் பிரிட்ஜ் தவறான இடத்தில் பதிந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் மிக மலிவான கிட்டார்களில் உண்டு. துருப்பிடித்த பழைய கம்பியில் இந்தச் சோதனை பொய் சொல்லும், புதுக் கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

படி 4: ஆம்பில் மாட்டி

இதை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்), சுவிட்ச், ஜாக் (கேபிள் செருகுகிற துளை) எல்லாமே மாற்றக்கூடியவை. வால்யூம், டோன் குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வரக் கூடாது. சுவிட்சின் எல்லா நிலையும் வேலை செய்ய வேண்டும். ஜாக்கை அசைத்தால் ஓசை விட்டுவிட்டு வரக் கூடாது. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் லேசாக உறுமும். அது அதன் பிறவிக் குணம். அந்த உறுமலை அடக்கத்தான் 1955-இல் கிப்சனில் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரை உருவாக்கினார்.

கம்பியில் கை வைத்ததும் உறுமல் குறைந்தால் எர்த் இணைப்பு சரி. கை வைத்தும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் விட்டிருக்கலாம், அது ஒரு சால்டரிங் வேலை.

நம் பெரிய வீடுகளுக்காக ஒரு வார்த்தை. வளவில் உட்கார்ந்து வாசித்தால் எதிரொலி அருமையாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல வீடுகளில் ஒயரிங் மிகப் பழசு, பிளக் பாயிண்டில் எர்த்தே இருக்காது. ஆம்பில் மாட்டிய கிட்டாரைத் தொட்டால் சுள்ளென்றாலோ, மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடித்தாலோ கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆம்பின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு மாட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 5: மரமும் பூச்சும்

பர்மா தேக்கும் ஈட்டியும் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால் இங்கே எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன மரம்?" இந்த விலையில் பாஸ்வுட், பாப்லர் போன்ற லேசான மரங்கள்தான் உடம்புக்கு வரும். நெக் பெரும்பாலும் மேப்பிள். மோசம் ஒன்றுமில்லை. நிலைக்கதவுக்கு வேண்டிய வைரம் கிட்டார் உடம்புக்குத் தேவையில்லை, மூன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் தோள்தான் வலிக்கும்.

ஃப்ரெட்போர்டு விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2017-இல் ஈட்டி உட்பட ரோஸ்வுட் வகைகளுக்குச் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. கம்பெனிகள் மாற்று மரம் தேடின. ஸ்குவயர் பட்டியலில் 'இந்தியன் லாரல்' என்று பார்ப்பீர்களே, அது நம்ம கருமருது. 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் அந்த மரம் நிலைத்துவிட்டது. நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். வாசிப்பில் நான் வித்தியாசம் உணர்ந்ததில்லை.

பூச்சு கண்ணாடி மாதிரி மின்னுவதில் ஏமாறாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பு கண்ணாடிமேல் வார்ப்பதால் வருவது, கல் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை உள்ளே இருக்கும் கலவையும் நீரில் ஊறிய நாளும்தான் சொல்லும். கிட்டாரிலும் கனமான பாலியெஸ்டர் பூச்சு எதையும் மூடிவிடும். பின்பக்கம் ஸ்பிரிங் மூடியைக் கழற்றினால் உள்ளே மரம் தெரியும். ஒட்டுப்பலகை அடுக்குகள் தெரிந்தால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

படி 6: விலைக் கணக்கு

கடைச் சீட்டில் இருப்பது முழு விலை இல்லை. உதாரணத்துக்கு, 15,000 ரூபாய்க் கிட்டார் ஒன்று: நெக் நேர், ஃப்ரெட் சமம், ஆனால் டியூனிங் கீ தொளதொளப்பு, நட்டு உயரம். கீ, நட்டு, கம்பி, கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 4,000 என்று வையுங்கள். பக்கத்தில் 19,000-க்கு ஒன்று, கீ எல்லாம் பளபளப்பு, ஆனால் ஏழு ஃப்ரெட் ஆடுகிறது. நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இரண்டாவதற்கு ஃப்ரெட் வேலை முடித்தாலும் விற்கும்போது அந்தக் காசு திரும்ப வராது.

பாகம் மாற்ற நினைப்பவர்களுக்கு: ஆசியக் கிட்டார்களில் பல அளவுகள் மெட்ரிக். அமெரிக்க அளவு டிரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் ஆட்டுகிற பிரிட்ஜ்) ஸ்க்ரூ ஓட்டையில் உட்காராமல் போகலாம், குமிழ் தண்டில் ஏறாது. வாங்குவதற்கு முன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். டிரெமலோவின் அடிக்கட்டை மெல்லிய துத்தநாக வார்ப்பாக இருந்தால், கைப்பிடி திருகும் மரை சீக்கிரம் தேயும்.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், செய்த நாடு, செய்த மாதமும் வருடமும், எம்ஆர்பி அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும், இது சட்டப்படி கட்டாயம். மாதத்தைப் பாருங்கள். இரண்டு வருடமாகக் கடைச் சுவரில் தொங்கியது என்றால் பேரம் பேச உங்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அதோடு மரம் இரண்டு கோடையைப் பார்த்தும் நேராக நிற்கிறது என்றால், எனக்கு அது புதுப் பெட்டியைவிட ஒரு படி மேல்.

இன்னொரு வழி பழையது. ஏப்ரல், மே மாதங்களில் கடைசி வருடம் முடித்துப் போகிற மாணவர்கள் கிட்டாரை விற்றுவிட்டுப் போவார்கள். ஆறு மாதம்கூட வாசித்திருக்க மாட்டார்கள். மேலே சொன்ன சோதனை அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

படி 7: ஆன்லைனில் வாங்கினால்

பெட்டியைப் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். டியூன் செய்து ஒரு நாள் விடுங்கள், பிறகு முதல் மூன்று படியையும் மறுநாளே முடியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும், "கத்துக்கிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று நினைத்துத்தான் நான் எட்டு மாதம் ஏமாந்தேன். திருப்பும் காரணத்தில் "பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "நெக் முறுக்கியிருக்கிறது", "5, 9, 14 ஃப்ரெட் உயரம்" என்று குறிப்பாக, படத்தோடு எழுதுங்கள்.

படி 8: முதல் கோடை

ஜாவாவின் ஈரக் காற்றிலோ சீனக் கடற்கரை ஊரிலோ செய்த மரம் நம் செம்மண் பூமியின் சித்திரை வெயிலுக்கு வருகிறது. ஏசி ரூமிலேயே இருந்தாலும் காற்று காய்ந்ததுதான். பங்குனியிலிருந்து வாரம் ஒருமுறை உள்ளங்கையை நெக் ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை வருவது அப்போதுதான். ஐப்பசி மழையில் நெக் மறுபடி கொஞ்சம் அசையும், கேப்போவும் கம்பித் துண்டும் வைத்து மறுபடி அளந்து டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்ப வேண்டியிருக்கும். முகப்புத் திண்ணையில் வெயில் படுகிற இடத்திலும், மதியம் நிறுத்திய காருக்குள்ளும் கிட்டாரை வைக்காதீர்கள்.

அந்தப் புலிவரிக் கிட்டார் இன்னும் என்னிடம் இருக்கிறது. முறுக்கு எப்படி இருக்கும் என்று காட்ட, கடைக்குக் கிளம்புகிற பையன்களின் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்வேன்.